ஆராய்ச்சி ஓடாமல் தவித்த ஃபெயின்மேன்: கேன்டீன் தட்டு தந்த திருப்பம்

லேப்டாப்பைத் திறந்து வைத்தும் ஒரு வரிகூட நகராத நாள் எல்லோருக்கும் உண்டு. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மேனுக்கு அது மாதக்கணக்கில் நீடித்தது.

என்ன ஆச்சு அவருக்கு?

1945 ஜூனில் மனைவி ஆர்லின் காசநோயால் இறந்தார். ஆகஸ்ட்டில், அவரும் சேர்ந்து உழைத்த அணுகுண்டு ஜப்பான் மீது விழுந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வயது 27.

ஆராய்ச்சிக்கு உட்கார்ந்தால் எதுவும் வரவில்லை. வகுப்புக்குத் தயாராவது, பாடம் நடத்துவது என உழைத்தார். ஆனா, அதையெல்லாம் அவர் வேலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சரக்கு தீர்ந்துவிட்டது என்றே நம்பினார்.

பிரஷர் எங்கிருந்து வந்தது?

அந்த நேரம் பார்த்து பெரிய இடங்களிலிருந்து அழைப்புகள் வந்தன. ஐன்ஸ்டைன் இருந்த பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனமும் கூப்பிட்டது. சந்தோஷத்துக்குப் பதில் குற்றவுணர்வுதான் மிஞ்சியது.

கார்னெல் ஆய்வகத் தலைவர் ராபர்ட் வில்சன் அவரை அழைத்துப் பேசினார். ஒருவரை வேலைக்கு எடுப்பதில் உள்ள ரிஸ்க் பல்கலைக்கழகத்துடையது, அதை நினைத்து அவர் கவலைப்பட வேண்டாம் என்று புரியவைத்தார். மற்றவர்களின் எதிர்பார்ப்புக்குத் தான் பொறுப்பில்லை என்பது ஃபெயின்மேனுக்கு உறைத்தது. சின்ன வயதில் போல, இனி இயற்பியலோடு சும்மா விளையாடுவது என முடிவெடுத்தார்.

தட்டில் என்ன இருந்தது?

கேன்டீனில் ஒருவர் விளையாட்டாக ஒரு தட்டைத் தூக்கிப் போட்டார். அது ஆடிக்கொண்டே சுழன்றது. ஆட்டத்துக்கும் சுழற்சிக்கும் என்ன தொடர்பு? கணக்குப் போட்டார். லேசாக ஆடும் தட்டு, ஒரு சுற்று சுழல்வதற்குள் இரண்டு முறை ஆடுகிறது.

மூத்த விஞ்ஞானி ஹான்ஸ் பெத்தேயிடம் காட்டினார். இதனால் என்ன பயன் என்று பெத்தே கேட்டார். ஒரு பயனும் இல்லை. முதல்முறையாக, அது ஃபெயின்மேனை உறுத்தவில்லை.

அந்த விளையாட்டு எலெக்ட்ரான் சுழற்சிக்கு இழுத்துப்போனது. அங்கிருந்து, போருக்கு முன் அவர் பாதியில் விட்ட குவாண்டம் மின்னியக்கவியலுக்கு. ஒளியும் எலெக்ட்ரானும் எப்படி ஊடாடுகின்றன என்று சொல்லும் துறை அது. அதற்காக 1965-ல் ஜூலியன் ஷ்விங்கர், டோமோனாகா ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் போட்ட கணக்குகள் ஒன்றும் லேசானவை இல்லை. உழைப்பு குறையவில்லை. ஒவ்வொன்றும் பெரிய விஷயமாகவே இருக்கணும் என்ற பாரத்தை மட்டும் இறக்கி வைத்திருந்தார்.