ஹாரி ஹோல்ட்

ஹாரி ஹோல்ட் (ஏப்ரல் 6, 1904 – ஏப்ரல் 28, 1964) ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த விவசாயியும் மர வணிகரும் ஆவார். கொரியப் போருக்குப் பின் பெற்றோரின்றித் தவித்த எட்டுக் கொரியக் குழந்தைகளை 1955ஆம் ஆண்டில் இவரும் இவருடைய மனைவி பெர்த்தா ஹோல்ட்டும் தத்தெடுத்தனர். இதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டில் இவர்கள் தொடங்கிய தத்தெடுப்பு அமைப்பின் வழியாக ஆயிரக்கணக்கான கொரியக் குழந்தைகள் அமெரிக்கக் குடும்பங்களைச் சென்றடைந்தனர். நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்பு ஒரு பெரிய இயக்கமாக வளர்ந்ததில் இவருடைய பங்கு முதன்மையானது. இவர் கையாண்ட முறைகள் அவர் காலத்திலேயே கடுமையான விமர்சனத்துக்கும் உள்ளாயின.

இளமையும் குடும்பமும்

ஹாரி ஹோல்ட் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். தெற்கு டகோட்டா மாநிலத்தில் விவசாயம் செய்துவந்தார். 1927ஆம் ஆண்டின் கடைசி நாளில் தம் உறவினரான பெர்த்தாவை மணந்தார். அயோவா மாநிலத்தில் பிறந்த பெர்த்தாவும் 1904ஆம் ஆண்டில் பிறந்தவரே. அவர் செவிலியர் கல்வி பயின்றவர்.

1930களின் பொருளாதாரப் பெருமந்தமும் வறட்சியும் அமெரிக்காவின் நடுச் சமவெளிப் பகுதியில் விவசாயத்தைச் சீர்குலைத்தன. ஹோல்ட் குடும்பம் 1937ஆம் ஆண்டில் மேற்குக் கரையிலுள்ள ஒரிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கு மரம் வெட்டும் தொழிலிலும் மர அறுவை ஆலைத் தொழிலிலும் ஹாரி ஈடுபட்டார். தொழில் நன்கு வளர்ந்து குடும்பம் வசதியான நிலையை அடைந்தது. யூஜின் நகருக்கு அண்மையிலுள்ள கிரெஸ்வெல் என்ற சிற்றூரில் பண்ணையும் பெரிய வீடும் அமைத்துக்கொண்டனர். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள். அவர்களுள் ஒருவர் மட்டுமே ஆண்.

1950ஆம் ஆண்டில் ஹாரிக்குக் கடுமையான மாரடைப்பு ஏற்பட்டது. உயிர் பிழைத்தாலும் கடின உழைப்பை அவர் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நற்செய்திக் கிறித்தவப் பற்று மிகுந்த ஹாரி, தமக்கு மீண்டும் அளிக்கப்பட்ட வாழ்நாளைப் பயனுள்ள ஒரு பணிக்குச் செலவிட வேண்டும் என்று கருதினார். அவருடைய பிற்கால முடிவுகளைப் புரிந்துகொள்ள இந்நிகழ்வு முக்கியமானது.

கொரியப் போரும் கலப்பினக் குழந்தைகளும்

1950 சூன் மாதம் தொடங்கிய கொரியப் போர் 1953 சூலையில் போர்நிறுத்த உடன்பாட்டுடன் ஓய்ந்தது. நாடெங்கும் பெற்றோரை இழந்த குழந்தைகள் பெருகினர். அநாதை இல்லங்கள் நிரம்பி வழிந்தன. இவர்களுள் வெளிநாட்டுப் படைவீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளின் நிலை மிகவும் மோசமாக இருந்தது. அக்காலக் கொரியாவில் ஒருவருடைய குடியுரிமையும் குடும்பப் பதிவேட்டில் இடமும் தந்தை வழியாகவே கிடைத்தன. தந்தை யாரென அறியப்படாத, தோற்றத்திலும் வேறுபட்ட இக்குழந்தைகளுக்குப் பள்ளி, வேலை, திருமணம் ஆகிய எல்லாவற்றிலும் தடைகள் காத்திருந்தன. இவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவதையே அதிபர் சிங்மன் ரீயின் அரசு தீர்வாகக் கருதியது.

1954ஆம் ஆண்டின் இறுதியில் வேர்ல்ட் விஷன் அமைப்பின் நிறுவனர் பாப் பியர்ஸ், இக்குழந்தைகளைப் பற்றிய திரைப்படங்களை யூஜின் நகரில் திரையிட்டார். ஹோல்ட் குடும்பத்தினர் அவற்றைப் பார்த்தனர். முதலில் சில குழந்தைகளின் பராமரிப்புக்காக மாதந்தோறும் பணம் அனுப்ப முன்வந்தனர். பணம் அனுப்புவது மட்டும் போதாது என்ற எண்ணம் சில மாதங்களில் அவர்களிடம் வலுப்பெற்றது. எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்துத் தங்கள் வீட்டிலேயே வளர்ப்பதென 1955ஆம் ஆண்டில் முடிவு செய்தனர். அப்போது கணவன் மனைவி இருவருக்கும் வயது 51.

சட்டத் தடையும் தனிச் சட்டமும்

1953ஆம் ஆண்டின் அகதிகள் நிவாரணச் சட்டம் பத்து வயதுக்குட்பட்ட 4,000 அநாதைக் குழந்தைகளுக்கு நுழைவுரிமை வழங்க இடமளித்தது. ஆயினும் ஒரு தம்பதியர் இரண்டு குழந்தைகளை மட்டுமே இச்சட்டத்தின் கீழ் அழைத்துவர முடியும். எட்டுக் குழந்தைகளை அழைத்துவர வேறு வழி தேவைப்பட்டது.

சட்டம் நிறைவேறும் வரை ஹாரி காத்திருக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் கோடைக்காலத் தொடக்கத்தில் கொரியாவுக்குப் புறப்பட்டார். இதய நோயாளியான ஒருவருக்கு இது எளிய பயணம் அன்று. அங்கு அநாதை இல்லங்களுக்குச் சென்று குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். அவர்களுக்கு உணவூட்டுதல், குளிப்பாட்டுதல், மருத்துவம் பார்த்தல் ஆகிய வேலைகளில் தாமும் ஈடுபட்டார். கிரெஸ்வெல்லில் இருந்த பெர்த்தா, நண்பர்களின் துணையுடன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் எழுதி ஆதரவு திரட்டினார். ஒரிகன் மாநிலத்தின் செனட் உறுப்பினர் ரிச்சர்ட் நியூபெர்கர் மேலவையில் இதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். கீழவையில் எடித் கிரீன் ஆதரவாகச் செயல்பட்டார். கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் மசோதா நிறைவேறி, 1955 ஆகத்து மாதம் சட்டமாயிற்று.

அக்டோபர் 14, 1955 அன்று ஹாரி ஹோல்ட் குழந்தைகளுடன் போர்ட்லண்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினார். தம் குடும்பத்துக்கான நான்கு ஆண், நான்கு பெண் குழந்தைகளுடன், வேறு குடும்பங்களுக்கான சில குழந்தைகளையும் அவர் அழைத்து வந்திருந்தார். செய்தியாளர்கள் விமான நிலையத்தில் திரண்டிருந்தனர். நாடெங்கும் நாளிதழ்களில் இச்செய்தி வெளியானது. ஆறு பிள்ளைகளைக் கொண்டிருந்த வீடு பதினான்கு பிள்ளைகளைக் கொண்டதாயிற்று.

தத்தெடுப்பு அமைப்பும் நிதியும்

செய்தி பரவியதும் தங்களுக்கும் குழந்தை வேண்டும் எனக் கேட்டு ஏராளமான கடிதங்கள் ஹோல்ட் குடும்பத்துக்கு வந்தன. அவற்றுக்கு விடை எழுதும் பணியே 1956ஆம் ஆண்டில் ஹோல்ட் தத்தெடுப்புத் திட்டமாக உருப்பெற்றது. பிற்காலத்தில் இவ்வமைப்பு ஹோல்ட் பன்னாட்டுக் குழந்தைகள் சேவை எனப் பெயர் பெற்றது. செவிலியரான இவர்களுடைய மகள் மோலி ஹோல்ட் அதே ஆண்டில் கொரியா சென்று பணியில் சேர்ந்தார்.

வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது செலவு மிகுந்த செயலாகும். ஆவணங்கள், மருத்துவச் சோதனை, இடைக்காலப் பராமரிப்பு, பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் விமானப் பயணம் எனச் செலவுகள் நீண்டன. ஹோல்ட் குடும்பம் மர வணிகத்தில் ஈட்டிய செல்வத்தை இப்பணிக்குச் செலவிட்டது. நடுத்தர வருவாய் உள்ள குடும்பங்களும் தத்தெடுக்க இயல வேண்டும் என்பது ஹாரியின் நோக்கமாக இருந்தது. செலவைக் குறைப்பதற்காகத் தனி விமானங்களை வாடகைக்கு அமர்த்தி, ஒரே பயணத்தில் பல பத்துக் குழந்தைகளைக் கொண்டுவரும் முறையைக் கையாண்டார். தத்தெடுக்கும் பெற்றோர் அளித்த தொகையும் கிறித்தவ சபையினரின் நன்கொடைகளும் எஞ்சிய செலவுக்கு உதவின.

நீண்ட விமானப் பயணங்கள் ஆபத்தில்லாதவை அல்ல. போர்க்கால வறுமையில் பிறந்த குழந்தைகள் பலர் ஊட்டக்குறைவும் நோயும் உடையவர்களாக இருந்தனர். சில குழந்தைகள் பயணத்தின்போதோ வந்து சேர்ந்த சில நாட்களிலோ இறந்தனர்.

பதிலாள் தத்தெடுப்பு பற்றிய சர்ச்சை

ஹோல்ட் பின்பற்றிய முக்கிய முறை பதிலாள் தத்தெடுப்பு ஆகும். இம்முறையில் அமெரிக்கப் பெற்றோர் கொரியாவுக்குச் செல்வதில்லை. அவர்கள் அளிக்கும் அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு, அவர்களுடைய பதிலாளாக ஹாரியே கொரியாவில் தத்தெடுப்பை நிறைவேற்றுவார். குழந்தை அமெரிக்காவுக்கு வரும்போதே சட்டப்படி அக்குடும்பத்தின் பிள்ளையாகிவிடும். அமெரிக்க மாநிலச் சட்டங்கள் வேண்டிய குடும்ப ஆய்வையும் சோதனைக் காலத்தையும் இதன்மூலம் தவிர்க்க முடிந்தது.

விண்ணப்பிக்கும் பெற்றோர் மீட்பில் நம்பிக்கை கொண்ட கிறித்தவர்களாக இருக்க வேண்டும் என்பதே ஹாரி முதன்மையாகக் கருதிய தகுதி. தொழில்முறைச் சமூகப் பணியாளர்களின் விசாரணைகள் குழந்தைகளின் உயிரைக் காக்க வேண்டிய நேரத்தை வீணாக்குகின்றன என்று அவர் எண்ணினார்.

அமெரிக்கக் குழந்தைகள் நலப் பணியகம், அமெரிக்கக் குழந்தைகள் நலக் கழகம், பன்னாட்டுச் சமூக சேவை ஆகிய அமைப்புகள் இம்முறையைக் கடுமையாக எதிர்த்தன. முன்பின் பார்த்திராத குழந்தையை, உரிய ஆய்வு செய்யப்படாத வீட்டில் ஒப்படைப்பது ஆபத்தானது என்பது அவற்றின் வாதம். சில வீடுகளில் குழந்தைகள் புறக்கணிக்கப்பட்டதையும் துன்புறுத்தப்பட்டதையும், சில தத்தெடுப்புகள் முறிந்ததையும் அவை சான்றாகக் காட்டின. மறுபுறம், அநாதை இல்லங்களில் குழந்தைகள் நாள்தோறும் இறந்துகொண்டிருக்கையில் தாமதமே பெரிய ஆபத்து என்பது ஹோல்ட் ஆதரவாளர்களின் வாதம். பொதுமக்களின் ஆதரவு பெரும்பாலும் ஹோல்ட் பக்கமே இருந்தது.

1957ஆம் ஆண்டுச் சட்டம் அநாதைக் குழந்தைகளின் நுழைவுக்கான எண்ணிக்கை வரம்பைத் தற்காலிகமாக நீக்கியது. 1961ஆம் ஆண்டில் குடிவரவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் அநாதைகளின் நுழைவை நிரந்தர ஏற்பாடாக்கியது. பெற்றோர் குழந்தையை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது தங்கள் மாநிலத்தின் முன்நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்க வேண்டும் என இத்திருத்தம் விதித்ததால் பதிலாள் முறை முடிவுக்கு வந்தது. ஹோல்ட் அமைப்பும் படிப்படியாகத் தொழில்முறைச் சமூகப் பணியாளர்களைப் பணியில் அமர்த்தி, குடும்ப ஆய்வு முறையை ஏற்றுக்கொண்டது.

இல்சான் இல்லமும் இறுதிக் காலமும்

தத்தெடுக்க எவரும் முன்வராத குழந்தைகளும் இருந்தனர். பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு முதலியவற்றால் பாதிக்கப்பட்ட இவர்களுக்காக 1960களின் தொடக்கத்தில் சியோல் நகருக்கு அண்மையிலுள்ள இல்சான் என்ற இடத்தில் ஹாரி நிலம் வாங்கி இல்லம் அமைத்தார். கட்டுமான வேலைகளில் தாமே நேரடியாக உழைத்தார்.

ஏப்ரல் 28, 1964 அன்று ஹாரி ஹோல்ட் மாரடைப்பால் கொரியாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 60. இல்சான் இல்லத்து வளாகத்திலுள்ள குன்றில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பின் பெர்த்தா இப்பணியைத் தொடர்ந்தார். 1966ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவின் அவ்வாண்டுக்குரிய சிறந்த அன்னையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தங்கள் குடும்பத்தின் தத்தெடுப்பு அனுபவங்களைக் கூறும் நூல் ஒன்றை அவர் 1956ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். விவிலியத்தின் ஏசாயா நூலில் வரும் ஒரு தொடரிலிருந்து அந்நூலின் தலைப்பு எடுக்கப்பட்டது. பெர்த்தா சூலை 31, 2000 அன்று தம் 96ஆம் வயதில் காலமாகி, இல்சானில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். மோலி ஹோல்ட் திருமணம் செய்துகொள்ளாமல் இல்சான் இல்லத்திலேயே மாற்றுத்திறனாளிகளுடன் வாழ்ந்து 2019ஆம் ஆண்டில் மறைந்தார்.

தாக்கமும் மதிப்பீடும்

வேற்றினக் குழந்தைகளைத் தத்தெடுப்பது அமெரிக்காவில் அரிதாக இருந்த காலத்தில் ஹோல்ட் குடும்பம் அதைப் பொதுவெளியில் செய்து காட்டியது. ஆசியக் கலப்பினக் குழந்தைகளுக்காக எழுத்தாளர் பெர்ல் பக் 1949ஆம் ஆண்டிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார். எனினும், வெளிநாட்டிலிருந்து பெருமளவில் குழந்தைகளைக் கொண்டுவரும் முறை ஹோல்ட் காலத்திலேயே நிலைபெற்றது. பின்னர் இவ்வமைப்பு வியட்நாம், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தியா முதலிய நாடுகளிலும் பணியாற்றியது. கொரியக் கிளை 1970களில் தனி அமைப்பாயிற்று.

போர்க்கால அவசர ஏற்பாடாகத் தொடங்கிய கொரியத் தத்தெடுப்பு, போரின் விளைவுகள் மறைந்த பின்னும் நிற்கவில்லை. வறிய குடும்பங்களின் குழந்தைகளும் மணமாகாத தாய்மாரின் குழந்தைகளும் அனுப்பப்பட்டனர். 1980களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் தென் கொரியாவை விட்டு வெளியேறினர். மொத்தத்தில் ஏறத்தாழ 2,00,000 பேர் இவ்வாறு சென்றதாக மதிப்பிடப்படுகிறது.

வளர்ந்து பெரியவர்களான தத்துப்பிள்ளைகள் தம் பிறப்புக் குடும்பத்தைத் தேடிக் கொரியாவுக்குத் திரும்பியபோது பல ஆவணங்கள் பொய்யானவை என்பது தெரியவந்தது. பெற்றோர் உயிருடன் இருந்த குழந்தைகளும் அநாதைகளாகப் பதிவு செய்யப்பட்டிருந்தனர். தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இவற்றை விசாரித்து, வெளிநாட்டுத் தத்தெடுப்பில் மனித உரிமை மீறல்கள் நிகழ்ந்ததையும் அவற்றுக்கு அரசு பொறுப்பு என்பதையும் 2025 மார்ச்சு மாதம் அறிவித்தது. அமெரிக்காவில் வளர்ந்த சிலருக்குக் குடியுரிமையும் கிடைக்கவில்லை. தத்துப்பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை வழங்கும் 2000ஆம் ஆண்டுச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தபோது 18 வயதைக் கடந்திருந்தவர்களை உள்ளடக்கவில்லை.

இத்தவறுகளில் பெரும்பாலானவை ஹாரியின் மறைவுக்குப் பிந்தைய காலத்தைச் சேர்ந்தவை. ஆயினும், குழந்தையின் பூர்வீகத்தை ஆராய்வதைவிட விரைவாக அனுப்புவதற்கு முன்னுரிமை தந்த நடைமுறை அவர் காலத்திலேயே வேரூன்றியது என்று ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். அவரால் உயிர் பிழைத்தோம் என்று நன்றி கூறும் தத்துப்பிள்ளைகளும், தம் தாயையும் மொழியையும் இழந்தோம் என்று வருந்தும் தத்துப்பிள்ளைகளும் உள்ளனர். ஹாரி ஹோல்ட்டின் பணி இவ்விரு தரப்பினரின் அனுபவங்களையும் கொண்டு இன்றும் மதிப்பிடப்பட்டு வருகிறது.