வித்தைக்காரர் இராமசாமி

ஓவியர் மறைந்தாலும் ஓவியம் நிற்கும். செப்பிடு வித்தைக்காரரின் கலையோ அவர் கை ஓய்ந்த அன்றே மறைந்துவிடும். கண்டோர் எழுதி வைத்தாலன்றி அதற்கு வாழ்வில்லை. இவ்வுண்மைக்கு இராமசாமியின் வாழ்க்கை சான்றாகும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வித்தைக்காரர் சிலர் கடல் கடந்து இலண்டன் சேர்ந்தனர். அவருள் தலைசிறந்தவர் இராமசாமி. அப்பெயரே ஆங்கிலேயர் நாவில் ராமோ சாமி எனத் திரிந்தது என்பர். அவர் நான்கு பித்தளைப் பந்துகளை மாறிமாறி மேலே எறிந்து, ஒன்றையும் நிலத்தில் விழவிடாது ஏந்துவார். வாளை விழுங்கி மீட்பார். மணிகளை வாயிலிட்டு, நாவினாலேயே கோத்து மாலையாக எடுப்பார். அமெரிக்க மக்களும் அவர் திறங்கண்டு வியந்தனர்.

புகழ் பெருகிய அளவுக்குப் பொருள் நிலைக்கவில்லை. 1850-இல் அவர் இலண்டனில் வறியராய் இறந்தார். அடக்கச் செலவுக்கும் வழியின்றி, அவர் மனைவி எல்லன் செய்தித்தாள் வாயிலாகப் பிறர் உதவியை நாடினார்.

ஆயினும் அக்கலையின் நினைவு அழிந்திலது. வில்லியம் ஹாஸ்லிட் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1821-இல் வெளியிட்ட தம் நூலில், இந்திய வித்தைக்காரரைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அதில் வரும் தலைவர் இராமசாமியே என்பர். அக்கைகளிற் கண்ட பிழையின்மை தம் எழுத்துக்கு வாய்க்கவில்லையே என்று ஹாஸ்லிட் நாணினார். அந்நாணமே வித்தைக்காரரின் புகழை இன்றளவும் காத்து நிற்கிறது.

திருவிழாத் தெருவில் வித்தை காட்டும் எளியோரையும் மதித்து, அவர்தம் கலையைக் குறித்து வைத்தல் கற்றோர் கடனாகும்.