ஆகாயத் தபாலின் முன்னோடி

ஓரங்களில் நீலமும் சிவப்பும் மாறி மாறி வரும் ஏர் மெயில் உறை நமது வீடுகளுக்குப் புதியதன்று. சவூதிக்கும் துபாய்க்கும் பிழைக்கப் போன பிள்ளைகளின் கடிதங்கள், கைபேசி வராத காலத்தில் அந்த உறையில்தான் வந்து சேர்ந்தன. நாம் இருக்கும் பனவடலிசத்திரம் போன்ற சிற்றூர்களில், தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கும்போதே தாய்மார்களின் கண் அந்த வண்ணக் கோட்டைத்தான் தேடும். இந்த நாட்டில் கடிதம் ஒழுங்கு தவறாமல் ஆகாய மார்க்கமாகப் போகத் தொடங்கியது எப்படி, அதைத் தொடங்கி வைத்தவர் யார் என்பதை இம்மாதம் சொல்ல விரும்புகிறோம்.

பறப்பது என்றதும் குர்துபா நகரத்து அப்பாஸ் இப்னு பிர்னாஸ் பலருக்கு நினைவில் வருவார். 9-ஆம் நூற்றாண்டில் உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு காற்றில் மிதந்து, இறங்கும்போது முதுகில் அடிபட்டவர் என்று பிற்கால வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதி வைத்திருக்கிறார். அது இயந்திரம் இல்லாத பறத்தல். இயந்திரத்தின் பலத்தால் மனிதன் பறந்தது 1903 டிசம்பர் 17-ல், அமெரிக்காவின் ரைட் சகோதரர்களால். முதல் முறை அவர்கள் ஆகாயத்தில் இருந்தது 12 விநாடிதான்! 1910-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் ஒரு விமானத்தைக் கட்டிப் பறந்து காட்டினார். 1911 பிப்ரவரி 18-ல் அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அக்கரையிலுள்ள நைனிக்கு, பிரெஞ்சு விமானி ஹென்றி பெக்கே ஏறத்தாழ 6,500 கடிதங்களைக் கொண்டு போனார். ஆனால் அவை ஒரு நாள் வேடிக்கையோடு முடிந்து போயின. வாரந்தோறும், வெயிலோ மழையோ, கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று பாடுபட்டவர் ஜே.ஆர்.டி. டாட்டா ஆவார்.

அவர் பார்சி சமயத்தைச் சேர்ந்தவர். அவரைப் பற்றி நமது ஏட்டில் ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். முழுவதையும் படித்த பிறகு கேட்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தார். தந்தை ஆர்.டி. டாட்டா, தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்ஸின் வடகடற்கரையில் அவர்களுக்கு ஒரு கோடைகால வீடு இருந்தது. 1909-ல் முதன்முதலாக ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோவின் வீடும் அதே கடற்கரையில்தான். அங்கே மணலில் விமானம் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சிறுவனுக்கு ஆசை பிறந்தது. பம்பாயில் பறக்கும் சங்கம் ஏற்பட்டபோதுதான் அது நிறைவேறியது. 1929 பிப்ரவரி 10-ல் அவர் பெற்ற விமானி உரிமத்தின் எண் 1.

மறு ஆண்டில்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த சம்பவம். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தன்னந்தனியாக முதலில் பறந்து முடிக்கும் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்திருந்தார். மூவர் முனைந்தார்கள். மன்மோகன் சிங்கும், ஆஸ்பி இஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பையனும் இங்கிலாந்திலிருந்து இந்தியா நோக்கிப் புறப்பட்டார்கள். டாட்டா 1930 மே 3-ல் கராச்சியிலிருந்து எதிர்த் திசையில் கிளம்பினார். ஜிப்ஸி மாத் என்னும் சின்ன விமானம், தலைக்கு மேல் கூரை கிடையாது, ரேடியோ கிடையாது. கீழே தெரியும் கடற்கரையையும், கையிலுள்ள வரைபடத்தையும், திசைகாட்டியையும் நம்பித்தான் பயணம்.

எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்திலுள்ள அபூகீர் விமான தளத்தில் டாட்டா இறங்கியபோது, அங்கே ஆஸ்பி செய்வதறியாது நின்றுகொண்டிருந்தார். இஞ்சினின் ஸ்பார்க் பிளக் கெட்டுவிட்டது. மாற்றிப் போட அவரிடம் வேறு பிளக் இல்லை. தருவித்தால் நாட்கள் ஆகும். டாட்டாவிடம் மாற்றுப் பிளக்குகள் இருந்தன. வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். போட்டியாளர் தாமாகவே முடங்கிக் கிடக்கிறார். டாட்டா தம் வழியே போயிருந்தால் குறை சொல்ல யாருமில்லை. தமது விமானம் வழியில் நின்றுபோனால் அந்தப் பிளக்குகள் அவருக்கே வேண்டியிருக்கும். அவர் எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி கிழக்கே பறந்தார், டாட்டா மேற்கே பறந்தார். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி முந்திக்கொண்டார்; பரிசு அவருக்கே கிடைத்தது. மன்மோகன் சிங் காலக்கெடுவைத் தாண்டிவிட்டதால் அவருக்கும் இல்லை. ஆஸ்பி பின்னாளில், 1960-ல், இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார். தோற்றதைப் பற்றி டாட்டா வருத்தம் பேசியதாகத் தெரியவில்லை.

இப்போது தபாலுக்கு வருவோம். 1929 முதல் லண்டன் தபால் விமானம் கராச்சி வரை வந்தது. அதற்குப் பிறகு ரயில்தான். முன்னாள் விமானப் படை அதிகாரி நெவில் வின்சென்ட், கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு விமானத் தபால் நடத்தும் திட்டத்தோடு டாட்டாவிடம் வந்தார். சர் தொராப்ஜி டாட்டா 2 லட்சம் ரூபாய் முதல் போட இசைந்தார். அரசாங்கமோ மானியம் தர மறுத்து ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. கடைசியில், மானியமே வேண்டாம், சுமந்து வரும் தபாலுக்குக் கட்டணம் தந்தால் போதும் என்று ஒப்பந்தமாயிற்று.

1932 அக்டோபர் 15 காலை டாட்டாவே கராச்சியில் தபால் பையை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். விமானம் ஒற்றை இஞ்சின் பூட்டிய புஸ் மாத். அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன! பிற்பகல் பம்பாய் ஜூஹூவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் பையை ஏற்று பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். ஜூஹூ கடலோரச் சேற்று நிலம். மழைக் காலத்தில் தண்ணீர் ஏறி இறங்க முடியாமல் போகும். அப்போது விமானங்களைப் பூனாவுக்கு மாற்றிக்கொண்டு தொழிலை நிற்காமல் நடத்தினார்கள். முதல் ஆண்டில் ஏறத்தாழ 10 டன் தபாலும் 155 பயணிகளும் போனார்கள். நேரம் தவறாமையைச் சிவில் விமானத் துறையே பாராட்டியது. 1935-ல் திருவனந்தபுரத்துக்கும், 1938-ல் கொழும்புக்கும் தடம் நீண்டது. வின்சென்ட் 1942-ல், யுத்த காலத்தில், வானில் காணாமற்போனார்.

பிறர் எழுதிய கடிதம் நம் கையில் இருக்கும்வரை அது அமானிதம். பிரித்துப் பார்ப்பது மட்டும் தவறன்று, சேர்க்கத் தாமதிப்பதும் தவறே. அந்தக் கருத்தை டாட்டாவின் விமானிகள் நடத்திக் காட்டியதனால்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

1946-ல் கம்பெனி ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948 ஜூன் 8-ல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. 1953-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்த முடிவு டாட்டாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலைவர் பதவியை ஏற்று 25 ஆண்டுகள் பார்த்தார். விமானத்தில் பயணம் செய்யும்போதெல்லாம் குறைகளைக் குறித்து வைத்துக்கொள்வார். கவுண்டரில் தூசி இருந்தால் தாமே துடைத்துவிடுவார் என்பார்கள். 1978-ல் மத்திய அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. இவ்வளவு பாடுபட்டவரை அனுப்பிய முறை சரியன்று என்பது நமது எண்ணம். நமது ஹாஜிமார்களும் பம்பாய் கப்பலை விட்டு விமானத்துக்கு மாறி வந்த காலம் அது. 1995-ல் ஹஜ் கப்பல் அடியோடு நின்றபோது டாட்டா உயிருடன் இல்லை. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமாகியிருந்தார்.

அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு, 1982 அக்டோபர் 15-ல், முதல் தபால் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக அவர் மறுபடியும் கராச்சிக்குப் போனார். அது இப்போது வேறு நாடு. வயது 78. பழைய மாதிரி மாத் விமானம் ஒன்றில் தனியாக ஏறி, அகமதாபாத்தில் இறங்கி, பிற்பகலில் பம்பாய் ஜூஹூவுக்கு வந்து சேர்ந்தார்.