ரொமேன் ரோலண்ட்

ரொமேன் ரோலண்ட் (ஜனவரி 29, 1866 - டிசம்பர் 30, 1944) பிரான்சு நாட்டைச் சேர்ந்த புதின எழுத்தாளர், நாடகாசிரியர், இசை வரலாற்றறிஞர், போர் எதிர்ப்பாளர். 1915 ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசைப் பெற்றவர். இவரது பெயர் தமிழில் ரோமன் ரோலந்து, ரோமைன் ரோலண்ட் எனவும் எழுதப்படுவதுண்டு. பிரெஞ்சு ஒலிப்பு ரொமேன் ரொலான் என்பதற்கு நெருக்கமானது.

தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் காந்தி, இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வாழ்க்கை வரலாற்று ஆசிரியராகவே இவரை அறிவர். அந்நூல்களை எழுதிய காலத்தில் இவர் தாய்நாட்டை விட்டு விலகி, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் வாழ்ந்து வந்தார். இந்தியாவுக்கு இவர் ஒருபோதும் வந்ததில்லை.

இளமைக் காலம்

பிரான்சின் நியேவர் மாவட்டத்தில் உள்ள கிளம்சி என்னும் சிற்றூரில் ரோலண்ட் பிறந்தார். தந்தை எமில் ஆவணப் பதிவு அலுவலர். தாயார் ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றும் இசை ஈடுபாடும் கொண்டவர். மகனுக்குப் பியானோ கற்றுக் கொடுத்தவரும் அவரே. மகனின் படிப்புக்காகக் குடும்பம் 1880 இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. புகழ்பெற்ற எக்கோல் நோர்மால் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இருமுறை தவறிய ரோலண்ட், 1886 இல் இடம் பெற்று வரலாறு பயின்றார்.

மாணவப் பருவத்திலேயே திருச்சபையின் மீதிருந்த நம்பிக்கையை இழந்தார். எனினும் சமய உணர்வு அவரை விட்டு நீங்கவில்லை. ஸ்பினோசாவின் நூலைப் படித்தபோதும், சுரங்கப் பாதையில் நின்றுவிட்ட தொடர்வண்டியின் இருளில் அமர்ந்திருந்தபோதும் தம் தனி இருப்பு கரைந்து பேரிருப்பில் கலந்தது போன்ற அனுபவத்தைப் பெற்றதாகப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதினார். இந்தியத் தத்துவத்தில் அவருக்கு ஏற்பட்ட ஈடுபாட்டின் வேர் இங்குதான் உள்ளது.

1887 இல் கலையின் பயன் குறித்த ஐயங்களை எழுதி டால்ஸ்டாய்க்குக் கடிதம் அனுப்பினார். முன்பின் அறியாத அம்மாணவனுக்கு டால்ஸ்டாய் பிரெஞ்சு மொழியில் மிக நீண்ட பதில் எழுதினார். கேட்பவர் எவராயினும் பதில் எழுதும் வழக்கத்தை ரோலண்ட் தம் வாழ்நாள் முழுதும் பின்பற்றியதற்கு இந்நிகழ்ச்சியே காரணம் என்பர். 1889 முதல் 1891 வரை ரோமாபுரியில் ஆய்வு மாணவராக இருந்தார். 1895 இல் ஐரோப்பிய இசை நாடகத்தின் தோற்றம் பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் சோர்போன் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்தார்.

ழான் கிறிஸ்தோஃப்

1904 முதல் 1912 வரை பத்துப் பகுதிகளாக வெளிவந்த ழான் கிறிஸ்தோஃப் இவரது தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுகிறது. கவிஞர் சார்லசு பெகி நடத்திய சிறு இதழில் இது தொடராக வந்தது. ரைன் நதிக்கரையில் பிறந்த ஜெர்மானிய இசைக் கலைஞன் ஒருவனின் வாழ்க்கையே கதை. அவன் பிரான்சுக்கு வந்து ஒலிவியே என்னும் பிரெஞ்சு இளைஞனுடன் நட்புக் கொள்கிறான். கதைத்தலைவனின் இளமைப் பருவத்தில் பேத்தோவனின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. 1871 ஆம் ஆண்டுத் தோல்வியைப் பிரான்சு இன்னும் மறவாதிருந்த வேளையில், ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் ஜெர்மானியனைத் தலைவனாக வைத்து எழுதியது துணிவான செயல். நூலின் நீளமும் இடையிடையே வரும் விவாதங்களும் இன்றைய வாசகரைச் சோர்வடையச் செய்யக்கூடும். ஆயினும் சிறுவன் முதன்முதலாக இசையை உணரும் தொடக்கப் பகுதிகள் இன்றும் தம் புதுமையை இழக்கவில்லை.

நூல் நிறைவுற்ற 1912 ஆம் ஆண்டிலேயே ரோலண்ட் ஆசிரியப் பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

முதல் உலகப் போரும் எதிர்ப்பும்

1914 ஆகத்தில் போர் மூண்டபோது ரோலண்ட் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் தங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 48. அவர் நாடு திரும்பவில்லை. பெல்ஜியத்தின் லூவேன் நகரையும் அதன் நூலகத்தையும் ஜெர்மன் படை எரித்ததும், ஜெர்மன் நாடகாசிரியர் கெர்கார்ட் ஹாப்ட்மனுக்குத் திறந்த மடல் எழுதினார். செப்டம்பர் 22 அன்று ஜெனீவா நாளிதழ் ஒன்றில் வெளியான அவரது கட்டுரை, போர்க்களத்துக்கு மேலே எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. அவரது புதினத்தை வெளியிட்ட நண்பர் பெகி, அதற்கு 17 நாட்களுக்கு முன்னர்தான் மார்ன் போர்முனையில் கொல்லப்பட்டிருந்தார்.

அக்கட்டுரை பெயரளவில் அறியப்பட்ட அளவுக்குப் படிக்கப்படவில்லை. இரு தரப்பும் சமமான குற்றவாளிகள் என்று ரோலண்ட் அதில் கூறவில்லை. பிரசிய ஏகாதிபத்தியத்தைக் கடுமையாகவே சாடினார். இரு நாட்டு இளைஞர்களையும் சாவுக்கு அனுப்பிவிட்டு அதற்கு நியாயம் கற்பித்த அறிஞர்களும், திருச்சபைகளும், சமவுடைமைக் கட்சிகளும் தம் கடமையில் தவறிவிட்டன என்பதே அவரது முதன்மையான குற்றச்சாட்டு. எதிரி இனத்தையே வெறுக்கும் மனநிலையை அறிவாளிகள் மறுக்க வேண்டும் என்று கோரினார்.

விளைவு கடுமையாக இருந்தது. பிரெஞ்சு இதழ்கள் அவரைத் துரோகி என்றும் ஜெர்மனியின் கையாள் என்றும் தூற்றின. பழைய நண்பர்கள் பலர் விலகினர். ஜெர்மனியிலும் அவருக்கு ஆதரவு மிகுதியாக இல்லை. ஸ்டெபான் ஸ்வைக், ஹெர்மன் ஹெஸ்ஸே முதலிய சிலரே அவருடன் தொடர்பில் இருந்தனர். ரோலண்ட் வெறும் கட்டுரையாளராக இருந்துவிடவில்லை. 1914 அக்டோபர் முதல் பல மாதங்கள் ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க் கைதிகள் தகவல் நிலையத்தில் ஊதியமின்றி உழைத்தார். காணாமற் போனோரைத் தேடும் குடும்பங்களின் கடிதங்களைக் கையாள்வது அங்கு அவரது பணி. 1915 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு 1916 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது, பரிசுத் தொகையைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் பிற தொண்டு அமைப்புகளுக்கும் பகிர்ந்தளித்தார்.

1920 இல் வெளியான கிளெராம்போ என்னும் புதினம் இக்காலத்தின் விளைவாகும். போரில் மகனை இழந்த எழுத்தாளன் ஒருவன், தானும் அந்த வெறிக்குத் துணை போனதை உணர்ந்து தனியாளாக எதிர்த்து நிற்பதை இது கூறுகிறது. புதினம் என்ற அளவில் ழான் கிறிஸ்தோஃபுக்கு இது ஈடாகாது. ஆனால் ரோலண்டின் மனப் போராட்டத்தை அறிய இதைவிட நல்ல சான்று இல்லை.

வில்நெவ் வாழ்க்கை

1919 இல் பாரிசு திரும்பிய ரோலண்ட், 1922 இல் மீண்டும் சுவிட்சர்லாந்துக்குச் சென்று வில்நெவ் என்னும் ஊரில் ஒல்கா என்ற இல்லத்தில் குடியேறினார். தந்தையும் தங்கை மதலேனும் உடனிருந்தனர். அங்கு அவர் 1938 வரை வாழ்ந்தார். காலையில் எழுத்து, ஏரிக்கரையில் நடை, பியானோ, எண்ணற்ற கடிதங்கள் என்று அமைந்தது அவரது வாழ்க்கை.

இத்தனிமை அன்றே விமரிசிக்கப்பட்டது. உலகம் பற்றி எரியும்போது ஏரிக்கரையில் ஒதுங்கி இருப்பது கடமை தவறுவதாகும் என்று எழுத்தாளர் ஹென்றி பார்புசும் அவரைச் சார்ந்தவர்களும் 1921, 1922 ஆம் ஆண்டுகளில் வாதிட்டனர். புரட்சிக்காக எந்த வழிமுறையையும் ஏற்கலாம் என்பதை ரோலண்ட் மறுத்தார். குறிக்கோளைவிட அதை அடையும் வழியே மனிதரை உருவாக்குகிறது என்பது அவரது நிலைப்பாடு. வன்முறையும் வேண்டாம், வெறும் ஒதுக்கமும் வேண்டாம் என்றால் மூன்றாவது வழி எது என்ற வினா எஞ்சியது. அதற்கான விடையை அவர் காந்தியிடம் தேடினார்.

மகாத்மா காந்தி என்ற நூல் 1924 இல் வெளியானது. அதை எழுதும்போது அவர் காந்தியைச் சந்தித்ததில்லை. ரோலண்டுக்கு ஆங்கிலப் பயிற்சி குறைவு. சென்னையில் அச்சான காந்தியின் எழுத்துத் தொகுதிகளைத் தங்கை மதலேன் மொழிபெயர்த்துக் கூற, வங்காள அறிஞர் காளிதாச நாக் விளக்கங்கள் தந்து உதவினார். காந்திக்கும் தாகூருக்கும் இடையே ஒத்துழையாமை குறித்து எழுந்த கருத்து வேறுபாட்டை இந்நூல் விரிவாகவும் நடுநிலையுடனும் ஆராய்கிறது. ஐரோப்பிய மக்கள் பலர் காந்தியை முதலில் அறிந்தது இந்நூலின் வழியாகத்தான். பேத்தோவன் இசையில் கொண்ட பற்றால் ரோலண்டைத் தேடி வந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் மகள் மதலேன் ஸ்லேட், அவர் வழியாகக் காந்தியைப் பற்றி அறிந்து 1925 நவம்பரில் சபர்மதி ஆசிரமம் சேர்ந்தார். காந்தி அவருக்கு மீராபென் எனப் பெயரிட்டார்.

தியானமும் செயலும்

1929 இல் இராமகிருஷ்ணர் வாழ்க்கையும், 1930 இல் விவேகானந்தர் வாழ்க்கையும் வெளியாயின. இவ்விரண்டுக்கும் அவர் இட்ட பொதுத் தலைப்பில் மறைஞானம், செயல் என்னும் இரு சொற்களும் சேர்ந்தே இடம்பெற்றுள்ளன. கீழை நாட்டுத் தியானம் உலகை மறந்த சோம்பல் என்ற ஐரோப்பிய எண்ணத்தை அவர் மறுத்தார். மனத்தை ஒருமுகப்படுத்துவது கடும் பயிற்சி என்றும், விவேகானந்தரிடத்தில் அது பசித்தவனுக்கு உணவிடும் தொண்டாக மாறியது என்றும் விளக்கினார். புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தரைப் பற்றியும் இந்நூல் பேசுகிறது. ரோலண்ட் எந்தக் குருவிடமும் தீட்சை பெற்றவரல்லர். உள்ளுணர்வு அனுபவம் கிழக்குக்கு மட்டுமே உரியது என்பதையும் அவர் ஏற்கவில்லை. கிறித்தவ ஞானிகளிடமும் புளோட்டினசிடமும் அதையே கண்டார்.

இது தொடர்பாகச் சிக்மண்ட் பிராய்டுடன் நிகழ்ந்த கடிதப் பரிமாற்றம் குறிப்பிடத்தக்கது. சமயம் ஒரு மயக்கம் என்று பிராய்ட் எழுதிய நூலைப் படித்த ரோலண்ட், 1927 டிசம்பரில் அவருக்குக் கடிதம் எழுதினார். சடங்குக்கும் மறுமை நம்பிக்கைக்கும் அப்பால், எல்லையற்ற கடல் போன்ற ஓர் உணர்வு உண்டு என்றும், அதுவே சமயங்களின் ஊற்று என்றும், தாம் அதை எப்போதும் உணர்வதாகவும் குறிப்பிட்டார். பிராய்ட் 1930 இல் வெளியிட்ட நாகரிகம் பற்றிய நூலை இக்கருத்தை ஆராய்ந்தே தொடங்கினார். அவ்வுணர்வைத் தம்முள் காண இயலவில்லை என்று ஒப்புக்கொண்டு, அதைக் குழந்தைப் பருவ மனநிலையின் எச்சமாக விளக்கினார். முதற்பதிப்பில் பெயர் சுட்டப்படாத அந்நண்பர் ரோலண்டே என்பது மறுபதிப்பின் அடிக்குறிப்பில் வெளியிடப்பட்டது.

காந்தியின் வருகை

லண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் காந்தி, 1931 டிசம்பர் 6 முதல் 11 வரை வில்நெவில் தங்கினார். மறுநாள் திங்கட்கிழமை, காந்தியின் மௌன நாள். நோயுற்றிருந்த ரோலண்ட் ஐரோப்பாவின் நிலையை நெடுநேரம் எடுத்துரைக்க, காந்தி வினாக்களைத் தாளில் எழுதிக் காட்டினார். அடுத்து இத்தாலி செல்லவிருந்த காந்தியை முசோலினியின் அரசு விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் என்று ரோலண்ட் அஞ்சினார். 1926 இல் தாகூருக்கு அவ்வாறே நேர்ந்திருந்தது. காந்தி தம் பயணத்தைக் கைவிடவில்லை. புறப்படும் முன் அவரது வேண்டுகோளை ஏற்று, ரோலண்ட் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியைப் பியானோவில் வாசித்தார்.

சோவியத் ஒன்றியமும் மௌனமும்

இட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இல், ஜெர்மன் அரசு அளிக்க முன்வந்த கோதே பதக்கத்தை ரோலண்ட் மறுத்தார். பாசிசத்தைத் தடுக்க அகிம்சை மட்டும் போதாது என்னும் முடிவுக்கு மெல்ல வந்து, சோவியத் ஒன்றியத்தின் பக்கம் சாய்ந்தார். 1934 இல் ருசியப் பெண்மணி மரியா குடஷேவாவை மணந்தார். 1935 சூன் மாதம் மாஸ்கோ சென்று ஸ்டாலினைச் சந்தித்தார். சிறார்க்கும் கடுந்தண்டனை விதித்த சட்டம் குறித்தும், கைது செய்யப்பட்ட எழுத்தாளர் விக்டர் செர்ஜ் குறித்தும் அங்கு வினவினார். உரையாடலை வெளியிட ஸ்டாலின் இசைவு தரவில்லை.

ஆந்த்ரே ழீத் 1936 இல் சோவியத் ஆட்சியைக் குறைகூறி எழுதியபோது ரோலண்ட் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 1937 இல் தமக்கு அறிமுகமான புகாரினைக் காப்பாற்றும்படி ஸ்டாலினுக்குத் தனிப்பட்ட கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. 1938 இல் புகாரின் சுட்டுக் கொல்லப்பட்டார். ரோலண்ட் வெளிப்படையாக எதுவும் பேசவில்லை. 1914 இல் தம் நாட்டின் சினத்துக்கு அஞ்சாதவர் இப்போது வாய் திறக்காதது அவரது வாழ்வில் மிகவும் விமரிசிக்கப்படும் பகுதி. இட்லருக்கு எதிரான ஒரே வலிமையைப் பலவீனப்படுத்த அவர் விரும்பவில்லை என்பது ஆதரவாளர்கள் கூறும் விளக்கம். ஆனால் குறிக்கோளுக்காக வழியைப் பொறுத்துக்கொள்வதைத்தான் அவர் 1922 இல் மறுத்திருந்தார்.

இறுதிக் காலம்

1938 இல் பிரான்சு திரும்பி, பிறந்த ஊருக்கு அருகிலுள்ள வெசலே நகரில் குடியேறினார். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும், இட்லருக்கு எதிராகப் பிரான்சின் பக்கம் நிற்பதாகத் தலைமை அமைச்சர் தலாதியேவுக்கு எழுதினார். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் தன்வரலாற்றையும், பேத்தோவன் ஆய்வையும், முப்பது ஆண்டுகளுக்கு முன் போரில் மாண்ட பெகியின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1944 டிசம்பர் 30 அன்று வெசலேயில் காலமானார். பிரேவ் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தியா குறித்த அவரது நாட்குறிப்பு 1951 இல் வெளியானது. ஐம்பது ஆண்டுகள் திறக்கப்படக் கூடாது என்று அவர் கட்டுப்படுத்தியிருந்த மாஸ்கோ நாட்குறிப்பு 1992 இல், சோவியத் ஒன்றியம் கலைந்த மறு ஆண்டில் அச்சேறியது.