இறக்கை கட்டிய மிட்செல்

இரண்டரை மீட்டர் இறக்கையோடு, ரேடியோவால் ஓட்டும் மாதிரிப் போர் விமானம் ஒன்றைக் கட்டத் துணிந்த மாணவரைக் கேட்டுப் பாருங்கள். இஞ்சினைப் பற்றியோ வண்ணப் பூச்சைப் பற்றியோ அவருக்குக் கவலை இராது; கவலையெல்லாம் இறக்கையைப் பற்றியே. மாதிரியின் அளவை இருமடங்காக்கினால் எடை எண்மடங்காகிறது; அதைத் தாங்கும் சட்டத்தின் வெட்டுப் பரப்போ நான்மடங்குதான் ஆகிறது. சிறு மாதிரியில் ஈடுகொடுத்த பால்சா மரம், பெரிய மாதிரி தலைகீழாய்ப் பாய்ந்து நிமிரும் கணத்தில் படாரென்று முறிவது இதனால்தான். இந்தக் கவலையோடு ஆயுள் முழுதும் மல்லுக்கு நின்றவர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைப் படைத்த ரெஜினால்ட் ஜோசப் மிட்செல்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் 1895-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஆசிரியர், பின்னர் அச்சுத் தொழிலுக்கு மாறியவர். பள்ளி நாள்களிலேயே மாதிரி விமானங்கள் செய்து பறக்கவிடுவதில் பையனுக்குப் பித்து. பதினாறு வயதில் ரயில் இஞ்சின் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளி ஆனார். 1917-ல் சௌதாம்ப்டன் நகரில் கடல் விமானம் கட்டிய சூப்பர்மெரைன் கம்பெனியில் சேர்ந்தார். இருபத்தைந்து வயதில் அங்கே தலைமைப் பொறியாளர்! பட்டம் பெறாதவர் என்பதை நம் வகுப்பறைகளில் சற்று உரக்கவே சொல்லலாம்.

அந்நாளில் ஷ்னைடர் கோப்பைப் போட்டி, கடல் விமானங்களின் வேகத்துக்கு உரைகல்லாக விளங்கியது. 1925-ல் மிட்செல் எஸ்-4 என்ற விமானத்தை வரைந்தார். மற்ற விமானங்கள் கம்பிகளாலும் தாங்குகோல்களாலும் இறக்கையை இழுத்துக் கட்டியிருக்க, இவர் அவை அனைத்தையும் நீக்கிவிட்டார். கம்பி இல்லையேல் காற்றின் தடை குறையும் அன்றோ? செப்டம்பரில் அது மணிக்கு 226 மைல் ஓடிக் கடல் விமானங்களுக்கு உலக சாதனை படைத்தது. அடுத்த மாதம் அமெரிக்காவில் பால்டிமோர் அருகே, போட்டிக்கு முந்திய ஓட்டத்தில், மிட்செலின் கண் முன்னாலேயே கடலில் விழுந்தது. விமானி ஹென்றி பயார்ட் உயிர் தப்பியது பெரும் பேறு. இறக்கை காற்றில் படபடத்து முறுக்கிக் கொண்டதே காரணம் எனப் பலரும் கருதினர்.

மிட்செல் வீம்பு பாராட்டவில்லை. அடுத்து வரைந்த எஸ்-5-ல் கம்பிகள் திரும்பி வந்தன. 1927-ல் வெனிஸ் நகரில் வெற்றியும் வந்தது. 1929-லும் 1931-லும் கோப்பை இங்கிலாந்துக்கே. 1931-ல் எஸ்-6பி மணிக்கு 407 மைல் வேகத்தைத் தொட்டது.

1933-ல் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. கடும் அறுவை சிகிச்சை. நோய் திரும்பலாம் என்ற அச்சத்தோடேயே மேசைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு விமானம் ஓட்டவும் கற்று உரிமம் பெற்றார். ஆனால் அவர் வரைந்த முதல் போர் விமானம் தடித்த இறக்கையும் மடங்காத சக்கரமுமாய் ஏமாற்றம் தந்தது. அதைத் தள்ளிவிட்டுப் புதிதாய்த் தொடங்கினார்.

அப்போது பிறந்ததே அந்த நீள்வட்ட இறக்கை. அதன் வடிவக் கணக்கில் கனடா நாட்டு பெவர்லி ஷென்ஸ்டனுக்குப் பெரும் பங்குண்டு. உடலோடு சேருமிடத்தில் 100 அங்குல அகலம். தடிப்போ ஏறக்குறைய 13 அங்குலமே. அதற்குள் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் மடங்கும் சக்கரங்களும் அடங்க வேண்டும். இம்முறை கம்பியும் இல்லை. வலிமை எங்கிருந்து வந்தது? ஸ்பார் எனப்படும் நெடுஞ்சட்டத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றுக்குள் ஒன்று செருகிய சதுரக் குழாய்கள். உடலருகே சுமை மிகுதி, ஆகவே குழாய்களும் பல. நுனியை நோக்கிப் போகப் போக ஒவ்வொன்றாக முடிந்துவிடும். முன்விளிம்பைத் தடித்த அலுமினியத் தகட்டால் மூடி ஸ்பாரோடு இறுகப் பிணைத்தார்கள். பிளந்த மூங்கில் முறுக்கினால் முறுகும், முழு மூங்கில் முறுகுமா? மூடிய முன்விளிம்பு முழு மூங்கில். இன்று மாதிரி கட்டுவோர் மேலும் கீழும் ஸ்ப்ரூஸ் சட்டம் வைத்து, இடையே பிளைவுட் தடுப்பு ஒட்டி, முன்விளிம்பைப் பால்சாப் பலகையால் மூடுவதும் இதே கணக்குத்தான். தடுப்பை ஒட்டாமல் விட்டால் இரு சட்டங்களும் தனித்தனியே வளையும். மரத்தைக் கூட்டிப் பயனில்லை.

1936 மார்ச் 5-ல் ஸ்பிட்ஃபயர் முதன்முதல் பறந்தது. மிட்செல் அதைக் கண்ணாரக் கண்டார். ஜூனில் 310 விமானங்களுக்கு அரசு ஆணை தந்தது. நோயோ திரும்பிவிட்டது. வியன்னாவில் மருத்துவம் பார்த்தும் பலனின்றி, 1937 ஜூன் 11-ல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். படையில் ஸ்பிட்ஃபயர் சேர்ந்தது 1938-ல்தான். 1940-ல் இங்கிலாந்தின் வானில் அது போரிட்டதை அவர் அறியார். பின்னர் நம் விமானப்படையும் அதைப் பர்மாப் போரிலும், 1947-ல் காஷ்மீரிலும் ஓட்டியது.

அந்த இறக்கை குறையற்றது என்று சொல்ல மாட்டேன். வளைந்த தகடுகளை அடித்துச் செய்வது பெரும்பாடாகி, முதல் விமானங்கள் தாமதமாயின. வேகம் ஏற ஏற அதுவும் முறுகியது. திருப்பும் மடல்கள் விமானியின் பிடிக்கு அசைய மறுத்தன. மிட்செலுக்குப் பின் வந்த ஜோசப் ஸ்மித்தின் குழு, இருபத்தொன்றாம் வகை ஸ்பிட்ஃபயருக்கு இன்னும் விறைப்பான இறக்கையைப் புதிதாய் வரைந்தது. அதில் நுனியின் அழகிய நீள்வட்டம் போய்விட்டது.