செக்குக்காக வாதாடிய தஞ்சாவூர்க்காரர்

வனஸ்பதி என்று பாடத்தில் வந்தாலே நம்ம வகுப்பில் எல்லோருக்கும் நிக்கல் வினையூக்கிதான் ஞாபகம் வரும். எனக்கோ ஒரு மனிதர் ஞாபகம் வருவார். அவர்தான் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-ல் நம்ம தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் தணிக்கைத் தொழில், கோட்டு சூட்டு என்று வசதியாக வாழ்ந்தவர். 1927-ல் அமெரிக்கா போய் சிரக்யூஸிலும் கொலம்பியாவிலும் படித்தார். வெள்ளைக்கார அரசின் வரவு செலவுக் கணக்கை ஆராய்ந்தபோதுதான், இந்தியா ஏன் ஏழையானது என்று அவருக்குப் புரிந்தது. 1929-ல் காந்திஜியைச் சந்தித்தார். கோட்டு போனது, கதர் வந்தது! 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் கைக்குத்தல் அரிசி, வெல்லம், காகிதம், செக்கெண்ணெய் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார். பலமுறை சிறைக்கும் போனார்.

அந்தக் காலத்தில்தான் வனஸ்பதி பரவியது. 1937-ல் டால்டா வந்தது. கடலை எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் குறையும், எண்ணெய் உறையும். சும்மா சொல்லக் கூடாது, சீக்கிரம் காறாது, பொரிக்கும்போதும் நன்றாகத் தாங்கும். பலகாரக் கடைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

குமரப்பா போட்ட கணக்கு வேறு. நல்ல எண்ணெயைச் செலவு செய்து கெட்டியாக்குவதால் சத்து கூடுகிறதா? நெய்யில் கலப்படம் செய்யத்தானே வழி? செக்காட்டுகிறவன் பிழைப்பு என்ன ஆகும்? இப்படி யோசித்து வனஸ்பதியைக் கடுமையாக எதிர்த்தார். தடை வரவில்லை. கலப்படத்தைச் சோதனையில் கண்டுபிடிக்க வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்கச் சொல்லிச் சட்டம் வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தாத்தாவும் கும்பகோணம் பக்கம் மாட்டுச் செக்கு வைத்திருந்தவர். நெல் அறுத்த வயலில் விளைந்த எள் செக்குக்கு வரும், புண்ணாக்கு மாட்டுக்குப் போகும். நான் பிறக்கும் முன்பே அந்தச் செக்கு நின்றுவிட்டது. கல் உரல் மட்டும் கொல்லையில் கிடக்கிறது. படிப்பு முடிந்ததும் நான் போக நினைப்பதோ எண்ணெய் ஆலை வேலைக்கு! குமரப்பாவைப் படித்த பிறகு மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றினால் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும், அது இதயத்துக்குக் கெடுதல் என்பது பின்னாளில் தெரிந்தது. 2022 முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த வேதியியல் எல்லாம் குமரப்பா சொன்னதல்ல. ஆனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற கேள்வியை அவர் முதலிலேயே கேட்டுவிட்டார்.

கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். 1960-ல், காந்திஜி மறைந்த அதே ஜனவரி 30-ல் காலமானார்.

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஆலைக்குப் போவோம். காறாமல் எத்தனை மாதம் இருக்கும் என்று சோதிப்போம். கூடவே அவர் கேட்ட கேள்வியையும் கேட்போமா?