நிழல் பிடித்த பாதிரியார்

புகைப்படக் கலையில் நாட்டம் உள்ளவன் என்ற முறையில், நான் பெரிதும் மதிக்கும் ஒருவரைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மார்ட்டின் குசிண்டே என்ற கத்தோலிக்கப் பாதிரியார்தான் அவர்.

1886-ல் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) பிறந்தார். 1911-ல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே சிலி நாட்டின் சாந்தியாகோவுக்குப் பள்ளி ஆசிரியராகச் சென்றார். 1918-லிருந்து 1924-க்குள் நான்கு முறை தென் அமெரிக்காவின் கடைக்கோடியான டியரா டெல் ஃபியூகோ தீவுகளுக்குப் பயணம் செய்தார்.

அங்கே வாழ்ந்த செல்க்நாம் மக்கள் குவானகோ என்ற விலங்கை வேட்டையாடிப் பிழைத்தவர்கள். 1880-களில் தங்கம் தேடி வந்தவர்களும் ஆட்டுப் பண்ணைக்காரர்களும் அவர்களுக்கு எமனானார்கள். கூலி கொடுத்துச் சுட வைத்தார்கள். தப்பியவர்களை அம்மை முதலான தொற்றுநோய்கள் கொண்டுபோயின. சுமார் 4,000 பேர் இருந்த இனத்தில், குசிண்டே போனபோது 300 பேர்கூட இல்லை.

முதலில் அவருடைய காமிராவைக் கண்டு அவர்கள் அஞ்சினார்கள். நிழலைப் பிடிப்பவர் என்ற பொருளில் மான்காசென் என்று அவருக்குப் பெயரிட்டார்கள். அவரோ மாதக்கணக்கில் அவர்களுடனேயே தங்கினார். கதைகளைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நம்பிக்கை பிறந்தது. 1923-ல் ஹைன் என்ற ரகசியச் சடங்கில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஹைனுக்கு ஆதாரமான கதை மிகவும் ஸ்வாரஸ்யமானது. ஆதியில் பெண்கள்தான் ஆவி வேஷம் போட்டு ஆண்களைப் பயமுறுத்தி ஆண்டார்களாம். அவர்களுக்குத் தலைவி சந்திரன். அவள் கணவனான சூரியன் இந்தக் குட்டை உடைக்க, ஆண்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். சந்திரன் வானத்துக்கு ஓடினாள். அவள் முகத்தில் தெரியும் கறைகள் அன்று பட்ட தீக்காயங்களாம். அதுமுதல் வேஷம் ஆண்களுடையது. வாலிபத்தை எட்டும் பையன்களை அந்த ஆவிகள் கலங்கடிக்கும். பிறகு முகமூடியைக் கழற்றச் சொல்வார்கள். உள்ளே இருப்பவர் சொந்தக்காரர்! பெண்களிடம் இதை மூச்சுவிடக் கூடாது.

உடலெங்கும் சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் பூசி நிற்கும் அந்த ஆவிகளைத்தான் அவர் படம் பிடித்தார். நான்கு பயணங்களிலும் எடுத்தவை ஏறத்தாழ ஆயிரம். அன்றாடம் ஐரோப்பிய உடை அணிந்தவர்களைத் தோல் போர்வையில் நிற்கவைத்து எடுத்தார் என்ற குறையும் உண்டு. ஆயினும், மதம் மாற்றச் செல்லும் சபையைச் சேர்ந்தவர், பிறருடைய நம்பிக்கையை அவர்கள் சொன்னபடியே பதிவு செய்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செல்க்நாம் பற்றிய அவருடைய பெருநூல் 1931-ல் வெளிவந்தது. 1969-ல் ஆஸ்திரியாவில் காலமானார். அந்த இனமே அழிந்துவிட்டது என்று புத்தகங்கள் எழுதின. ஆனால் வம்சாவளியினர் இருந்தார்கள். வாழும் மக்களாக அவர்களை 2023-ல் சிலி சட்டப்படி அங்கீகரித்தது. தங்கள் மூதாதையரின் முகம் பார்க்க அவர்களுக்கு அந்தப் படங்கள் இருக்கின்றன. எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் உண்டு?